ரோசம்மாவின் வாக்குமூலம்

"இந்தாளுதாங்க மேடம்! நல்லாப் பாத்துக்குங்க, இந்தாளேதான்!"

ரோசம்மா நீட்டிய விரலுக்கு நேரே லைன்மேன் சத்யராஜ் தலைகுனிந்து நின்றார்.

தருமபுரியில் மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தின் விசாரணை அறை. தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்கள் சத்யராஜை ஒருமாதிரியாகப் பார்த்தார்கள்.

"மெதுவாச் சொல்லுங்கம்மா" என்றார் மன்றத் தலைவர் மணிமேகலை. கண்டிப்பானவர். மின்துறையிலேயே பொறியாளராக இருந்து உயர்ந்தவர். ஆகவே துறையை விட்டுக்கொடுக்க மாட்டார் என்றும் ஒரு பேச்சு உண்டு.

"என்னத்த மெதுவாச் சொல்றதுங்க? எங்க வூட்டுக்காரரு இடுப்பு ஒடிஞ்சு படுக்கையில கெடக்குறாரு. முதுகெல்லாம் புண்ணு. பெரியாஸ்பத்திரியில காத்து மெத்தை போடச் சொன்னாங்க. கரண்டு இருந்தாத்தான் அது உப்பும். இந்த மகராசன் வந்து வெட்டிட்டுப் போனதும் மெத்தை சப்பையாப் போச்சு. ஆறின புண்ணெல்லாம் மறுபடி வெடிச்சிருச்சுங்க."

"இணைப்பு யார் பேருல இருக்கு?"

"செத்துப்போன மாமனாரு பேருல. வூடு எனக்குத்தான்னு கொழுந்தன் சண்டை. அவன் போயி ஆபீசுல என்னமோ சொன்னான். இவங்க வந்து வெட்டிட்டாங்க. அந்த மெத்தையில ஒருநா இந்தாளைப் படுக்கப் போடுங்க, தெரியும்!"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சத்யராஜ் சிரிக்கவுமில்லை, முறைக்கவுமில்லை.

அந்தப் பகுதியின் உதவிப் பொறியாளர் எழுந்தார். "வாரிசுத் தகராறு மேடம். இவங்க கொழுந்தன் கேட்டதால துண்டிச்சோம். முறைப்படி கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டுத்தான் செஞ்சோம். ஒட்டினது இவர்தான்."

மணிமேகலை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு லைன்மேனைப் பார்த்தார். "குடியிருக்கிறவங்களுக்கு முன்னாடியே அறிவிக்காம துண்டிச்சிருந்தா அது செல்லாது. தெரியுமில்ல? நோட்டீஸ் ஒட்டினீங்களா?"

'ஆமாம்' என்ற ஒரு சொல் போதும். மனு தள்ளுபடியாகும்; எல்லாரும் பஸ் பிடித்து ஊர்போய்ச் சேரலாம்.

"ஒட்டலைங்க" என்றார் சத்யராஜ்.

"யோவ், என்னய்யா உளர்றே?" உதவிப் பொறியாளரின் குரல் எகிறியது.

"எங்கிட்ட நோட்டீஸே தரலைங்க மேடம். சார் வாயாலதான் சொன்னாரு. நான் போயி வெட்டினேன். தப்புதாங்க."

"கேட்டீங்களா மேடம், அவன் வாயாலயே வந்திருச்சு!" ரோசம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"நீங்க கண்ணால பாத்தீங்களாம்மா? எப்படித் துண்டிச்சார்?"

"பாத்தேனுங்க. வூட்டுக்குள்ள வந்து எங்காளு மொகத்தைப் பாக்க முடியாம, நேராக் கம்பத்துல ஏறி ஜம்பரைக் கழட்டிட்டுப் போயிட்டான்."

தட்டச்சர் காவேரியின் விரல்கள் அதையும் அடித்துவிட்டு நின்றன.

ரோசம்மா வாழும் பொம்மிடிப் பக்கத்து ஊர்களில், மின்சாரத்தை மீட்டரில் துண்டித்தாலும் சரி, கம்பத்தில் துண்டித்தாலும் சரி, மக்கள் சொல்வது ஒன்றுதான்: 'பீஸைப் புடுங்கிட்டாங்க', அதாவது ஃபியூஸை. 'ஜம்பர்' என்பது, கம்பத்தின் மேலே கம்பியோடு கம்பியை இணைக்கும் சிறு துண்டுக்கு, அதைத் தொட்டு வேலை செய்பவர்கள் தமக்குள் வழங்கும் பெயர்.

"ஜம்பர்னா என்னம்மா?" என்று கேட்டார் மணிமேகலை.

ரோசம்மா விழித்தார். "அது... மேல இருக்குமுங்க."

"மேலன்னா?"

ரோசம்மாவின் பார்வை தன்னையறியாமல் சத்யராஜின் பக்கம் ஓடித் திரும்பியது. சத்யராஜின் காது சிவந்திருந்தது.

உதவிப் பொறியாளர் பிடித்துக்கொண்டார். "மேடம், இது லைன்மேன் வாயில வர்ற வார்த்தை! இந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்? எங்க மனு குடுக்கணும், என்ன பேசணும்னு இவரேதான் சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கார். சம்பளம் இங்க, துரோகமும் இங்கயே! வாக்குமூலத்துல அந்த வார்த்தை பதிவாயிருக்கு. நகல் குடுங்க. இவரை வேலையை விட்டே தூக்கறேன்."

"ஐயோ, தம்பி மேல ஒண்ணும் போட்டுராதீங்க சாரு!" ரோசம்மாவின் குரல் உடைந்தது. "அவரு புள்ளகுட்டிக்காரரு. வெட்டிட்டுப் போன அன்னிக்கே திரும்பி வந்து எங்க வூட்டுக்காரரு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாருங்க. தானா மாட்டிவிட அதிகாரமில்ல, எம் மேலயே கேசு போடுங்கக்கான்னு..."

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டார்.



மணிமேகலை நிமிர்ந்து உட்கார்ந்தார். "முன்னறிவிப்பு தரல, அதனால துண்டிச்சது செல்லாது. இன்னிக்கே அவங்க வீட்டுக்குக் கரண்டு போகணும். வாய்மொழியா உத்தரவு போட்டதுக்கு நீங்க எழுத்துல விளக்கம் குடுக்கணும், சார்."

"சரிங்க மேடம். ஆனா அந்த வாக்குமூலம்..."

"அது இருக்கே. காவேரி, கடைசி வரியைப் படிங்க."

காவேரி தயங்கிப் படித்தார். "கம்பத்தில் ஏறி ஜம்பரைக் கழற்றிவிட்டுப் போய்விட்டார்."

சத்யராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

"தப்பா அடிச்சிருக்கீங்களே" என்றார் மணிமேகலை. "நான் இங்கதானே உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன்? 'பீஸைப் புடுங்கிட்டுப் போயிட்டாரு'ன்னுதான் அந்தம்மா சொன்னாங்க. திருத்துங்க."