ஒன்பதுக்கு அடியில் நான்கு

கார்க் கதவில் ஒட்டியிருந்த ஒன்பதாம் எண் ஸ்டிக்கரை அவள் கத்திமுனையால் நெம்பினாள்.

அவள் வேலை பார்க்கும் தடயவியல் கொட்டகைக்கு வெளியே நாச்சிமுத்து நடந்துகொண்டே இருந்தார். ரேஸில் கார் மோதிச் செத்துப்போன சிபியின் அப்பா. மகனின் ரேஸ் காரை முடுக்கித் தயார் செய்கிறவரும் அவர்தான். காலையிலிருந்து இதே நடை. மனுஷன் தானும் உட்காரமாட்டார், அடுத்தவரை நிம்மதியாக வேலை பார்க்கவும் விடமாட்டார்.

"அந்த ஜெரோமைத் தூக்குல போட்டாத்தானுங்க மேடம் எனக்குச் சோறு எறங்கும்," என்றார் ஜன்னல் வழியாக.

ரேஸில் சிபிக்கு ஈடுகொடுக்கிறவன் ஜெரோம் ஒருவன்தான். போலீசுக்கு அது போதாதா? பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

பிரேக் எண்ணெய் போகும் ஹோஸை யாரோ பாதி அறுத்திருந்தார்கள். முழுதாக அறுத்தால் கிளம்பும்போதே தெரிந்துவிடும். பாதி என்றால், வளைவில் ஓங்கி மிதிக்கும்போதுதான் பிய்யும்.

தொழில் தெரிந்த பாவி.

"ரெண்டு பேரும் கார மாத்திக்கிட்டோம் சார்" என்று ஜெரோம் அழுதானாம். கதை விடாதே என்றாராம் இன்ஸ்பெக்டர்.

ஸ்டிக்கர் கழன்று வந்தது.

அடியில் பழைய பசையின் தடம். நான்கு.

ஜெரோமின் எண்.

ஸ்டிக்கரின் பசைப்பக்கத்தில் சாயம் பூசினாள். ரேகைகள் எழும்பின. பிணவறையில் எடுத்த ரேகைகளோடு வைத்துப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

எல்லாம் சிபியின் விரல்கள்.

வெளியே வந்தாள். சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு வராது. போட்டு உடைத்தாள்.

"ஐயா, இது சிபி கார் இல்ல. முந்தின நாள் வரைக்கும் ஜெரோம் ஓட்டுனது. அறுத்தவன் ஜெரோமைக் கொல்லத்தான் அறுத்திருக்கான்."

பிள்ளையைப் பறிகொடுத்த யாரும், யார் அந்தப் படுபாவி என்றுதான் கேட்பார்கள்.

"கார மாத்துனது யாருங்க?" என்றார் நாச்சிமுத்து.

"உங்க பையன்தான். ஜெரோமுக்கு முழங்கால் வலியாம். இதுல கிளட்ச் கல்லு மாதிரி. ரெண்டும் ஒரே மாதிரி காரு. ரேஸ் அன்னிக்குக் காலைல தன்னோட கார அவனுக்குக் குடுத்துட்டு, நம்பர மாத்தி ஒட்டிட்டு, சிபி இத எடுத்துக்கிட்டான்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். வாய் கோணியது. அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லீருக்கக் கூடாதா கண்ணு?" என்றார் காரைப் பார்த்து.

அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள்.

அவர் இரண்டு கைகளையும் சேர்த்து அவள் முன்னால் நீட்டினார்.

"அந்தப் பையன வீட்டுக்கு அனுப்பீருங்க மேடம்."