நாலாவது மூலை

மேடையின் மூன்று மூலைகள் எழுந்தன. நாலாவது தரையை விட்டு வரவில்லை. கிரேன் ஓட்டும் அக்கா மூன்றாம் முறையாக இறக்கி வைத்தாள். கப்பல் கிளம்ப அரை மணி நேரமே இருந்தது.

கண்டெய்னர் பெட்டிக்குள் அடங்காத சரக்குக்காகச் செய்த, சுவரும் கூரையும் இல்லாத இரும்பு மேடை அது. மேலே ராட்சத பாய்லர். மூலைக்கு ஒரு சங்கிலிக் கொக்கி மாட்டித்தான் தூக்க வேண்டும். பாரம் சரியாக நடுவில் இருந்தது.

வாக்கி-டாக்கியை எடுத்தாள். "நாலாவது மூலை! பேய் பிடிச்சு உக்காந்திருக்கா?"

"நான்தான் பிடிச்சிருக்கேன்கா. நீ இன்னும் சொல்லலையே."

கொக்கி மாட்டியவன் "மாட்டியாச்சு" என்பான். கிரேனிலிருந்து "பார்த்தாச்சு, கையை எடு" என்று வரும்வரை அவன் சங்கிலியை விடக் கூடாது. அதுதான் அங்கே வழக்கம்.

மேஸ்திரி மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். "யார்கூட அரட்டை?"

"நாலாவது மூலைக்காரன்கூட."

மேஸ்திரியின் முகம் வெளுத்தது. "அங்க ஏதும்மா ஆளு? போன மாசம் உன் தம்பி செத்ததுலேர்ந்து, மூணாவது மூலை ஆள்தானே அதையும் மாட்டறான்?"

"தெரியும் மேஸ்திரி. அன்னைக்கு அவன் 'மாட்டியாச்சு'ன்னான். நான் அவசரத்துல பதில் சொல்லாமத் தூக்கிட்டேன். அதான் இன்னும் விடாமப் பிடிச்சிட்டு நிக்கிறான்."

வாக்கி-டாக்கியின் பொத்தானை அழுத்தினாள்.

"பார்த்தாச்சுடா தம்பி. கையை எடு."

பிறகு கிரேனின் நெம்புகோலை மெல்ல இழுத்தாள். நான்கு மூலைகளும் ஒரே மட்டமாக எழுந்தன.