கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு சின்ன லப்டொப்

"உது வேண்டாம், தங்கச்சி. உதின்ரை பற்றரி சரியில்லை."

ஹனீபா அப்படிச் சொன்னபோது ஜெசிதா நம்பத்தான் செய்தாள். யாழ்ப்பாணம் ரவுணுக்குள் பழைய லப்டொப் வாங்கி விற்கிற கடை அவருடையது. எல்லோரும் 'நானா' என்று அண்ணன் முறையில் கூப்பிடுகிற நேர்மையான மனிசன் என்று சொல்லித்தான் சிநேகிதி அனுப்பியிருந்தாள்.

ஆனாலும் அந்தச் சின்ன லப்டொப்பை விட அவளுக்கு மனம் வரவில்லை. கொப்பி அளவுதான். ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழே அப்படியே அடங்கும். விலையும் கையைக் கடிக்காது, மேலேயே ஒட்டியிருந்தது.

கால் இழந்தவர்களின் வீடுகளுக்குப் போய், அளவெடுத்து, படம் எடுத்து, செயற்கைக் கால் செய்கிற நிலையத்துக்கு அனுப்புவது அவளுடைய வேலை. போன கிழமை தெல்லிப்பழை வளைவில் ஸ்கூட்டி சறுக்கி, இருந்த லப்டொப் வாய்க்காலுக்குள் போய்விட்டது. நிலையத்தில் கேட்டதற்கு, "அடுத்த வருசம் பாப்பம்" என்றார்கள். அதுதான் சொந்தக் காசோடு வந்திருந்தாள்.

"ஒருக்கா எடுங்கோ நானா, பாப்பம்."

அரை மனதோடு எடுத்துக் கொடுத்தார். வயரைக் கழற்றிவிட்டு அவள் காத்திருந்தாள். அரை மணித்தியாலமாகியும் பற்றரி பெரிதாக இறங்கவில்லை.

"நல்லாத்தானே நிக்குது?"

"அது... கீபோட்டிலை ரண்டு எழுத்து விழாது."

ஒவ்வொரு எழுத்தாக அமத்திப் பார்த்தாள். எல்லாம் விழுந்தது.

"விழுகுதே!"

ஹனீபா மூக்கைச் சொறிந்தார். "உந்த விலையும் பிழை, தங்கச்சி. ஒட்டியிருக்கிறது பழைய துண்டு. இப்ப உது ரண்டு மடங்கு. அங்காலை இருக்கிறதைப் பாருங்கோ, நல்ல சாமான், குறைச்சுத் தாறன்."

அங்காலை இருந்தது அம்மிக்கல்லுப் போல ஒன்று. ஜெசிதா அதைத் தொடவும் இல்லை.

"விலைபோகாத சாமானைத் தலையிலை கட்டத்தானே உந்தப் பொய் எல்லாம்? பொம்பிளைப் பிள்ளை, ஒண்டும் விளங்காது எண்டு நினைச்சியளோ?"

"அப்பிடி இல்லை..."

"வேறை எப்பிடி? நாளைக்கு மாதகலிலை ஆறு பேர் காலுக்குக் காத்துக்கொண்டிருக்கினம். உதைத் தூக்கிக்கொண்டு நான் ஒழுங்கை ஒழுங்கையா ஏறி இறங்கிறதோ?"

"மெல்லக் கதையுங்கோ, தங்கச்சி."

"ஏன் மெல்லக் கதைக்கவேணும்? றோட்டிலை போற சனமும் கேக்கட்டும்! விலை ஒட்டியிருக்கு. இந்தா காசு. இதை நான் கொண்டுபோறன்."

காசை மேசையில் வைத்துவிட்டு, லப்டொப்பைத் தூக்கித் தன் பைக்குள் வைத்தாள்.

ஹனீபா அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் திரும்பினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மனிசன், சைக்கிளைப் பிடித்தபடி. கரியரில் வெறும் ஓலைக் கடகம். அவருடைய கண் அவளுடைய பையில் இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

"அண்ணை! நில்லுங்கோ அண்ணை!" ஹனீபா செருப்பும் போடாமல் றோட்டுக்கு ஓடினார்.

மனிசன் திரும்பியே பார்க்கவில்லை. ஹனீபா இளைக்க இளைக்கத் திரும்பி வந்து கதிரையில் இருந்தார்.

"ஆர் நானா அது?"

"மார்க்கண்டு அண்ணை. அச்சுவேலிப் பக்கம் தோட்டம். போன மாரி மழைக்கு வெங்காயம் முழுக்க அழுகிப்போச்சு. மகளின்ரை லப்டொப்பை என்னட்டைக் கொண்டுவந்து வித்தவர். உதுதான். பிள்ளை கம்பஸிலை கடைசி வருசம். இப்ப தன்னோடை படிக்கிற ஆற்றையோ லப்டொப்பிலை எழுதுதாம்."

ஜெசிதாவின் கை பையிலிருந்து மெல்ல விலகியது.

"சந்தைக்கு வாற நாளிலை எல்லாம் ஒருக்கா வந்து, உது இருக்கோ எண்டு பாத்திட்டுப் போவார். உள்ளுக்கு வரமாட்டார். ஒண்டும் கேக்கவும் மாட்டார். காசு சேந்தா மீட்கிற எண்ணம் போலை."

"அப்ப உள்ளுக்கு எடுத்து வைச்சிருக்கலாமே? பிறகேன் விலையும் ஒட்டி..."

"எடுத்து வைச்சா வித்துப்போட்டன் எண்டு நினைப்பார். விலைத் துண்டைக் கழட்டினா, தனக்காகத்தான் வைச்சிருக்கிறன் எண்டு விளங்கிப்போடும். ஒருக்கா சும்மா குடுத்துப் பாத்தன், தங்கச்சி. 'நான் பிச்சைக்கு வரேல்லை' எண்டிட்டு ஒரு மாசம் இந்தப் பக்கமே வரேல்லை. அதுதான், கேக்கிற ஆக்களுக்கு எல்லாம் ஒவ்வொரு பழுது சொல்லுறன்."

அவள் லப்டொப்பை எடுத்து மேசையில் வைத்தாள். தன் காசை எடுத்துக்கொண்டாள். பிறகு ஸ்கூட்டித் திறப்பைத் தேடினாள்.

"எந்தப் பக்கம் போறவர்?"

"பருத்தித்துறை றோட்டாலை... ஏன்?"

பதில் சொல்ல அவள் அங்கே இல்லை.

கல்வியங்காடு தாண்டித்தான் அந்தச் சைக்கிளைப் பிடிக்க முடிந்தது. பக்கத்தில் ஸ்கூட்டியைக் கொண்டுபோய் மெதுவாக்கி, வரவழைத்துக்கொண்ட எரிச்சலோடு குரலை உயர்த்தினாள்.

"ஐயா, நீங்களும் அந்தக் கடைக் கண்ணாடிக்குள்ளை இருந்த சின்ன லப்டொப்பைத்தானே பாத்தனீங்கள்? நான் திருப்பிக் குடுத்திட்டன், அங்கைதான் கிடக்குது. சும்மா தந்தாலும் ஒருத்தரும் கொண்டுபோகாயினம், அவ்வளவு மோசம்!"