துணியைப் பிடித்த விரல்கள்

எல்லோரும் சௌக்கியம்தானே? எங்கள் தெரு மாரிக்கண்ணு அக்காவுக்குத்தான் மனசு சரியில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் வாக்காளர் அட்டைக்குப் படம் எடுத்தபோது, பின்னால் நின்று வெள்ளைத் துணியைப் பிடித்தது அவளுடைய மகள் செண்பகம். அம்மாவின் தோளுக்கு மேலே செண்பகத்தின் மூன்று விரல்கள் படத்தில் விழுந்துவிட்டன. அந்த வருடமே அவள் காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டில் அவள் படம் வேறு ஒன்றுகூடக் கிடையாது.

போன வாரம் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த டீச்சர் ஒருவர் அக்காவின் அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"விரல் விழுந்த அட்டை இனிமே செல்லாதுக்கா. அரசாங்கமே இவ்வளவு செலவு பண்ணி எல்லாருக்கும் புதுசு அடிச்சுத் தருது. உங்களுக்கு ஒரு பைசா ஆகாது. பழசை மட்டும் குடுத்துடுங்க."

"குடுக்கலேன்னா?"

"அப்புறம் எதைக் காட்டி ஓட்டுப் போடுவீங்க?"

அக்கா அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"என் மூஞ்சிய மட்டும் வெட்டிக் குடுத்தா ஆகாதா டீச்சர்?"

டீச்சர் சிரித்துவிட்டார். பிறகு அட்டையைப் பார்த்தார். அக்கா தன் முகத்தைக் கட்டைவிரலால் மூடியிருந்தாள். அந்த மூன்று விரல்கள் மட்டும் வெளியே தெரிந்தன.