மாதிரிக் கையெழுத்து

அச்சக முதலாளி ஐந்து காசோலைகளின் நகல்களை வங்கி மேலாளரின் மேஜைமேல் ஓங்கி அறைந்தார்.

"கணக்கு ஆரம்பிச்சு ஒரு மாசம்கூட ஆகல! நான் போட்ட செக்கைத் திருப்பி அனுப்புறீங்க. என் மச்சான் கள்ளக் கையெழுத்துப் போட்ட அஞ்சுக்கும் பணத்தை அள்ளிக் குடுத்திருக்கீங்க. கண்ணு பொடனியிலயா இருக்கு? அத்தனையும் பேங்க்தான் தரணும்!"

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க சார்."

பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி போட்டார்.

மேலாளர் மாதிரிக் கையெழுத்து அட்டையைப் பக்கத்தில் வைத்தார். "அந்த அஞ்சும் அட்டையோட அச்சு அசலா பொருந்துது. உங்களுதுதான் சார் பொருந்தல."

முதலாளி அட்டையை இழுத்துப் பார்த்தார். கணக்கு ஆரம்பித்த அன்று மெஷினை விட்டு நகர மனமில்லாமல், அந்த அட்டையை மச்சானிடம் தள்ளி எரிந்து விழுந்தது அவர்தான்:

"இதுக்கெல்லாம் எனக்கு நேரமில்ல. என் பேர்ல நீயே போட்டுக் குடுத்துடுடா!"