பத்தடி தூரத்து ‘நான்’

“முப்பது வருசமா எழுதுதீங்க, இன்னும் ‘அவன் பார்த்தான்’னு எழுதினா எப்படி? ‘நான் பார்த்தேன்’னு போடுங்க. அப்பத்தான் படிக்கிறவிய நம்புவாவ,” என்றார் ரெனிட்டா.

ஜேசுதாசன் அடித்துவிட்டு எழுதினார்: ‘பால்ச்சாமி அரிவாளோடு ஓடியதை நான் நூறடி தூரத்தில் நின்று பார்த்தேன்.’

“நூறடியில மூஞ்சி தெரியுமா? போன கதையை இந்த ஓட்டையாலதான ஒதுக்கித் தள்ளுனாவ? இதுவும் போச்சுன்னா நம்ம மானம் போயிரும்.”

“பத்தடின்னு மாத்திருதேம்மா.”

“இப்பத்தான் நேர்ல பார்த்த மாதிரி இருக்கு.”

லாக்கப் கம்பிக்குப் பின்னாலிருந்து பால்ச்சாமி கும்பிட்டான். “அம்மா, அன்னைக்கு நான் சேத்தூர்ல கரும்பு வெட்டிக்கிட்டு இருந்தேன்.”

“உன் ‘நான்’ ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுல எடுபடாதுலே,” என்ற இன்ஸ்பெக்டர் ரெனிட்டா, ஏட்டு ஜேசுதாசனிடம் திரும்பினார்.

“எழுத்து சரியா வந்துட்டு. செட்டியார்பட்டிக்குப் போயி, இந்த ‘நான்’ நான்தான்னு சொல்ல ஒரு ஆளைப் பிடிச்சுட்டு வாங்க.”