கருகின தக்கை

"நல்ல தக்கையை ஏன்வே தீயில வாட்டுதீரு?"

ராமசுப்புவின் குரல் கேட்டதும் பக்ருதீன் கையிலிருந்த இடுக்கி நழுவியது. இடுக்கியோடு கிளட்ச் பிளேட்டும் மண்ணில் விழுந்தது. பிடிமானத்துக்காக அதில் பதித்திருந்த தக்கைகளில் பாதி கருகியிருந்தன. மீதி புத்தம் புதுசாக இருந்தன.

திருவொற்றியூரில் தை மாசத்திலிருந்து நடக்கும் மோட்டார் சைக்கிள் சாகசக் கொட்டகைக்கு ராமசுப்புதான் முதலாளி. பக்ருதீன் அவருடைய மெக்கானிக். திரைக்கு அந்தப் பக்கம் சாயங்கால ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம், டீ அடுப்பில் இவன் தக்கை சுட்டுக்கொண்டிருந்தான்!

"இது காலையில வண்டியிலேர்ந்து கழட்டின பிளேட்டுதானே?"

"ஆமா மொதலாளி."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை, நான் வண்டி சோதிக்குத நாளு. கருகிப் போச்சுன்னு இதைத்தான் எங்கிட்ட காட்டுவீரு, இல்லையா?"

பக்ருதீன் குனிந்து இடுக்கியை மட்டும் எடுத்தான்.

ராமசுப்புவுக்கு ஆத்திரத்தைவிட அவமானம்தான் அதிகம். வண்டி தேய்ந்திருப்பதைப் பார்த்தே ஓட்டுகிறவன் யார் என்று சொல்லிவிடுவேன் என்று ராயபுரம் வரைக்கும் மார்தட்டியவர் அவர். அவருடைய வீரன் கிருஷ்ணப்பன் இன்ஜினை அலறவிட்டு, கிளட்ச்சைப் படக்கென்று விட்டு, முன்சக்கரத்தை எகிற வைப்பான். தக்கை கருகும். அப்புறம் சக்கரத்தைத் தொப்பென்று தரையில் போடுவான். முன்பக்க ஸ்பிரிங் உடையும். வாராவாரம் ராமசுப்பு கருகின தக்கையை முகர்ந்து பார்த்து, "ஆம்பளை ஓட்டின வண்டிவே இது!" என்று பூரித்துப் போவார்.

பூரிப்போடு நின்றாரா? போன ஆயுத பூஜையன்று கிருஷ்ணப்பனின் மனைவி கன்னியம்மா வண்டியின் பெட்ரோல் டாங்கியில் சந்தனம் வைக்க வந்தபோது, "பொம்பளை கை பட்டா வண்டி ரெண்டே நாள்ல குப்பையாயிரும்" என்று கத்தி, அவளை வேலிக்கு வெளியே நிறுத்தினவரும் இவரேதான்.

"எவன் சொல்லி என் வண்டியைக் கெடுக்குதீரு?"

"அல்லா சத்தியமா யாரும் சொல்லல மொதலாளி. வண்டி கெடணும்னு செய்யல. கெட்ட மாரி தெரியணும்னுதான்..."

"இன்னையோட சரி. மூட்டையைக் கட்டும்."

"கட்டிக்கறேன். போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். முன்பக்க ஸ்பிரிங்கு கடசியா எப்ப மாத்துனோம்?"

ராமசுப்பு யோசித்தார். வாரத்துக்கு ஒன்று மாற்றுவார்கள். ஆனால் இப்போது ஒன்றரை மாசமாக மாற்றியதாக ஞாபகம் இல்லை.

"அது ஒடையவே இல்ல மொதலாளி. நானே ஒடைக்கலாம்னு சுத்தியை எடுத்தேன். நல்லா கீற பொருளை ஒடைக்க மனசு வர்ல. தக்கையை மட்டும் சுடறதோட வுட்டுட்டேன்."

சொல்லிக்கொண்டே பக்ருதீன் திரையை விலக்கினான்.

அரங்கத்தில் வண்டி மெதுவாகத்தான் வந்தது. தோல் தொப்பியும் பெரிய கண்ணாடியும் போட்ட உருவம் உடம்பைப் பின்னால் தள்ளி, ஆக்சிலேட்டரை இதமாகத் திருகியது. முன்சக்கரம் எழுந்தது. பாதி வட்டம் ஒற்றைச் சக்கரத்தில் போய், நிறைகுடத்தை இறக்கி வைப்பதுபோல் சத்தமில்லாமல் தரையைத் தொட்டது. துறைமுகத்து ஆட்களும் தீப்பெட்டி ஆலை ஆட்களும் எழுந்து நின்று விசிலடித்தார்கள்.

ராமசுப்புவுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

"பாரும்வே! கிளட்ச்சை உதறாமலே தூக்குதான்! இருபது வருசத்துல இப்பிடி ஒரு கையை நான் பார்த்ததில்ல. ஒன்றரை மாசமா எனக்கு ஒரு கும்பிடு போடாமத் திரிஞ்சப்போ திமிருன்னு நெனைச்சேன். இருக்கட்டும், இருந்துட்டுப் போவட்டும்! ஆம்பளைன்னா கிருஷ்ணப்பன்தான்வே ஆம்பளை!"

முதுகுக்குப் பின்னால் யாரோ தொடையில் படபடவென்று தட்டும் சத்தம் கேட்டது. ராமசுப்பு திரும்பினார்.

கிருஷ்ணப்பன் நின்றிருந்தான். இடது கையால் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தான். வலது மணிக்கட்டில் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டியிருந்தது. கண் கலங்கியிருந்தது.

ராமசுப்பு அரங்கத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மறுபடி அரங்கத்தைப் பார்த்தார்.

"தொப்புனு போட்டுப் போட்டு ஸ்பிரிங்கு மட்டுமா ஒடைஞ்சிது? என் கையும்தான் பூட்ச்சு மொதலாளி. சொன்னா வேலை பூடுமேன்னு சொல்லல."

"அப்போ வண்டியில யாருலே?"

கிருஷ்ணப்பன் நிமிர்ந்து நின்றான்.

"என் வூட்டுக்காரி. கன்னியம்மா. காத்திவாக்கம் மணல்ல நான்தான் கத்துக் குடுத்தேன். இப்போ அவ ஓட்டறதப் பாத்து நான் கத்துக்கினு கீறேன்."

ராமசுப்பு கீழே கிடந்த பிளேட்டைக் குனிந்து எடுத்தார். அதை பக்ருதீனிடம் நீட்டிக் கேட்டார்.

"அதுக்குத் தக்கையை ஏன்வே சுட்டீரு?"

"வண்டி கெடாம இருந்தா ஆம்பளை ஓட்டலன்னு மோந்து பாத்தே கண்டுபுடிச்சிடுவீங்களே மொதலாளி! அதான் வாராவாரம் நானே கெடுத்துக்கினு இருந்தேன்."

வெளியே கைதட்டல் இன்னும் ஓயவில்லை. ராமசுப்பு அறிவிப்புக்கு வைத்திருந்த தகரக் குழாயைக் கையில் எடுத்தார். அரங்கத்துக்குள் இரண்டடி வைத்தவர், நின்று, பக்ருதீனைத் திரும்பிப் பார்த்துக் கத்தினார்:

"அடுப்பை அணைச்சுட்டு வேலையைப் பாரும்! இனிமே நல்ல தக்கையாவே இருக்கட்டும். கன்னியம்மா ஓட்டுத வண்டிவே அது!"